அதிரசம் மட்டும் போட்டால் லாபம் கூடுமா?

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தில் முறுக்கும் அதிரசமும் போட்டு மாட்டுங்கா கடைகளுக்குக் கொடுக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், செலவுக் கணக்காளரான என்னிடம் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். மூலப்பொருளும் கேஸும் போக ஓர் ஈடு முறுக்கில் 300 ரூபாயும் ஓர் ஈடு அதிரசத்தில் 500 ரூபாயும் நிற்பதால், முறுக்கை நிறுத்திவிடலாமா என்று கேட்டார்.

அவருடைய அடுப்பு நாளுக்கு 10 மணி நேரம் எரிகிறது. எந்தப் பண்டமானாலும் ஓர் ஈட்டுக்கு 1 மணி நேரம் பிடிக்கும். இரண்டு பெண்களின் கைவேலை மொத்தம் 18 மணி நேரம்; அதில் ஓர் ஈடு முறுக்குக்கு 1 மணியும், உருட்டித் தட்ட வேண்டிய அதிரசத்துக்கு 3 மணியும் போகிறது. அதிரசம் மட்டும் போட்டால் 6 ஈட்டோடு கைவேலை தீர்ந்து, 4 மணி நேரம் அடுப்பு சும்மா கிடக்க, கிடைப்பது 3,000 ரூபாய். முறுக்கு மட்டும் போட்டாலும் அதே 3,000. முறுக்கு 6 ஈடு, அதிரசம் 4 ஈடு என்று கலந்தால் 3,800.

இது குத்துமதிப்பாக வந்த கலவை அல்ல. அடுப்பு நேரம், கைவேலை நேரம் என்ற இரு வரம்புகளையும் வரைபடத் தாளில் கோடுகளாகப் போட்டால் ஒரு நாற்கரம் அடைபடும். லாபக் கோவை நேரியல், அதாவது ஒவ்வோர் ஈட்டுக்கும் லாபம் ஒரே அளவில் கூடுகிறது என்பதால் அதன் உச்சம் ஏதேனும் ஒரு மூலையில் கட்டாயம் கிடைக்கும். ஒன்றுமே போடாத மூலையை விட்டால், மற்ற மூன்றும் மேலே சொன்ன மூன்று வழிகளே. பண்டங்கள் இருபது, முப்பது என்று பெருகும்போது மூலைகளை இப்படி எண்ணிப் பார்க்க முடியாது. அதற்குத்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை; அது லாபம் ஏறும் பக்கமாக மூலைக்கு மூலை நகரும். மூலைகளை விட்டுப் பரப்பின் உள்ளே புகுந்து செல்லும் வழியை 1984இல் வெளியிட்ட நரேந்திர கர்மார்கர், நம் மும்பை பவாய் ஐஐடியில் படித்தவர்.

இத்தகைய கணக்கைத் தீர்த்துத் தரும் எக்செல் சால்வர் கருவியில் போட்டுப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தவறுவது கணக்கில் அல்ல, கணக்கை எழுதுவதில். எப்படியும் கொடுத்தாக வேண்டிய கடை வாடகையை ஈட்டுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கழித்தால் விடையே மாறிவிடக்கூடும். லாபத்துக்கு எல்லையே இல்லை என்று சால்வர் சொன்னால், ஏதோ ஒரு வரம்பை எழுத மறந்திருக்கிறீர்கள்.

மூன்றாவதாக ஓர் ஆள் போடலாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. இந்தக் கணக்கில் கைவேலை 1 மணி கூடினால் உச்ச லாபம் 100 ரூபாய் ஏறும்; அடுப்பு 1 மணி கூடினால் 200 ஏறும். ஆகவே மணிக்கு 120 ரூபாய் கேட்ட ஆளை விட்டுவிட்டு, பக்கத்து அறைக்காரரின் அடுப்பை மணிக்கு 150 ரூபாய் வாடகையில் 2 மணி நேரம் எடுத்தார். இப்போது முறுக்கு 9 ஈடு, அதிரசம் 3 ஈடு. அடுப்பு வாடகை போக நிற்பது 3,900.