வலிமை அதிகம், ஆயுள் குறைவு: பழைய தாரை எப்படிச் சோதிப்பது?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் கார் பார்க்குக்குத் தார் போட கொட்டேஷன் வந்திருந்தது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த தாரைத் தாராளமாகச் சேர்த்த கலவை. கமிட்டி மாமா லேப் ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார்.

"புதுத் தாரைவிட இதுக்கு வலிமை அதிகம்னு போட்டிருக்கு தம்பி. விலையும் குறைவு. அப்புறம் என்ன யோசனை?"

அந்த எண்ணில் பொய்யில்லை. சிக்கலும் அங்கேதான். கல்லை ஒட்டவைக்கும் கறுப்புப் பசைதான் பிட்டுமின். பல வருஷம் வெயிலும் காற்றும் பட்டால் அது ஆக்சிஜன் ஏறி இறுகிவிடும். இறுகியதை உடைக்க அதிக விசை வேண்டும், அதனால் இழுவிசைச் சோதனையில் ஜோராகத் தேறும். சக்கரத் தடம் பதிகிறதா என்ற சோதனையிலும் பாஸ். ஆனால் ஈர அப்பளத்தை மடிக்கலாம். வெயிலில் காய்ந்ததை மடித்துப் பாருங்கள்.

எங்கள் லேபில் இதற்கு அரைவட்டத் துண்டு அறுப்போம். 150 மில்லிமீட்டர் விட்டம், 50 தடிமன், நேர்விளிம்பின் நடுவில் 15 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல். 25 டிகிரியில் வைத்து, நிமிஷத்துக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மேலிருந்து அழுத்துவோம். விசை ஏறி இறங்குவதைத் திரையில் ஒரு கோடு காட்டும். நான் கவனிப்பது உச்சிக்குப் பிறகு அந்தக் கோடு இறங்கும் விதத்தை. நல்ல கலவை மெல்லக் கிழியும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கறுப்பு நூல் இழுபடுவது கண்ணுக்கே தெரியும். வறண்ட கலவை 'டக்' என்று பிளந்துவிடும், திரையில் கோடு செங்குத்தாக விழும். உடைக்கச் செலவான ஆற்றலை அந்தச் சரிவால் வகுத்து ஒரு குறியீடு எடுப்பார்கள். அமெரிக்காவின் இல்லினாயில் அது 8க்குக் குறையக் கூடாது. அது அவர்கள் ஊர் அளவு, இங்கே அப்படியே ஒட்டிவிடக் கூடாது. கீறலே இல்லாமல் முழு உருளையை அழுத்தும் சுலபமான முறையும் உண்டு.

இதிலும் ஏமாறலாம். துண்டுக்குள் காற்று நிற்கும் சின்னச் சின்ன வெற்றிடங்கள், அதாவது காற்றிடைவெளி, கூடினால் குறியீடும் கூடும். சரியாக இறுக்காத கலவை நல்ல பிள்ளையாகத் தெரியும். ஆகவே காற்றிடைவெளி எவ்வளவு என்று கேட்காமல் எந்த எண்ணையும் நான் ஏற்பதில்லை. அதேபோல, புதிதாக வார்த்த துண்டை மட்டும் சோதித்தால் பாதிக் கதைதான் தெரியும். 85 டிகிரி அடுப்பில் 5 நாள் வைத்து முதுமையாக்கிவிட்டு மறுபடி உடைக்க வேண்டும். வண்டி அதிகம் ஓடாத கார் பார்க்குக்கு இது இன்னும் முக்கியம். அங்கே பாரத்தைவிட வறட்சிதான் முதல் எதிரி.

பழைய தாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இளகிய ரக பிட்டுமின் போடலாம், புத்துயிரூட்டும் எண்ணெய் சேர்க்கலாம். பழைய பிட்டுமின் முழுவதும் உருகிக் கலந்துவிடும் என்று கணக்குப் போட்டு, புதியதைக் குறைப்பதுதான் வழக்கமான தப்பு. (நாம் 'தார்' என்று சொல்வது பிட்டுமினைத்தான். பழைய சாலைகள் சிலவற்றில் நிஜமான நிலக்கரித் தார் இருக்கும், அதைச் சூடாக்கவே கூடாது.)

மாமாவை லேபுக்குக் கூப்பிட்டு, அந்தக் கலவையையும் புதுத் தார்க் கலவையையும் எதிரில் உடைத்துக் காட்டினேன். பிளந்த துண்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "இதைக் கொடு, கூட்டத்துல காட்டணும்" என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.