இக்னிஷன் டைமிங்: நேரமா, கோணமா?

லத்தீனில் 'இக்னிஸ்' என்றால் தீ. வடமொழி 'அக்னி'யும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. அதிலிருந்து பிறந்த 'இக்னிஷன்' 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியபோது, பொருளைப் பழுக்கக் காய்ச்சுவதைக் குறித்தது. பெட்ரோல் எஞ்சின் வந்த பிறகுதான் சிலிண்டருக்குள் பொறி வைத்துக் கொளுத்துவது என்ற பொருள் நிலைத்தது.

தமிழில் 'எரிபற்றல்', 'எரியூட்டல்' இரண்டையும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. பற்றுவது தானாக நடப்பது, டீசல் எஞ்சினில் போல. ஊட்டுவது ஸ்பார்க் பிளக்கின் வேலை. பெட்ரோல் எஞ்சினில் ஊட்டிய தீ பரவுவதற்குள் மிச்சக் கலவை தானே பற்றிக்கொண்டால் அதற்குப் பெயர் நாக்கிங். ஆகவே பிளக் உள்ள எஞ்சினுக்கு எரியூட்டல் என்பதே சரி.

'டைமிங்' என்பதை 'நேரம்' என்று பெயர்ப்பதில்தான் சிக்கல். அதை நொடியில் யாரும் அளப்பதில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுழலும் பாகையில் அளக்கிறோம். 'மேல்முனைக்கு 8 பாகை முன்' என்றால், பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் இன்னும் 8 பாகை சுற்ற வேண்டியிருக்கும்போதே பொறி விழுகிறது. கலவை எரிந்து அழுத்தம் உச்சத்தை எட்டச் சில மில்லிநொடி ஆகும் என்பதால்தான் இந்த முந்தல். 900 ஆர்.பி.எம்-மில் கிராங்க் ஒரு மில்லிநொடியில் 5.4 பாகை நகரும். 3000-இல் 18 பாகை. வேகம் கூடக் கூட முந்தலும் கூட வேண்டும். பழைய எஞ்சின்களில், ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் அதைத்தான் செய்கின்றன. எனவே 'எரியூட்டல் கோணம்' என்பதே பொருத்தமான சொல். அட்வான்ஸ், ரிட்டார்டுக்கு முந்தல், பிந்தல் போதும். 'முன்னேற்றம்' என்று எழுதினால் எஞ்சின் ஏதோ தேர்ச்சி பெற்றதுபோல் இருக்கிறது.

கோணம் பிசகினால் எஞ்சினே சொல்லிவிடும். அதிகம் முந்தினால் ஸ்டார்ட் செய்யும்போது எதிர்த்து உதைக்கும், ஏற்றத்தில் கிணுகிணுவென்று நாக்கிங் கேட்கும். பிந்தினால் இழுவை குறையும், எஞ்சின் சூடேறும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கொதிக்கும்.

கோணத்தைத் தொடுமுன் பாயின்ட் இடைவெளியைப் பாருங்கள். பாயின்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை, அது திறக்கும்போதுதான் பொறி விழுகிறது. பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் அது 0.35 முதல் 0.40 மி.மீ. வரை, உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ளதே இறுதி. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலுள்ள கேமின் முகடு பாயின்டின் குதியைத் தள்ளி நிற்கும் நிலையில்தான் ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை விட்டு அளக்க வேண்டும். குதி தேயத் தேய இடைவெளி குறைந்து பாயின்ட் தாமதமாகத் திறக்கும். யாரும் கைவைக்காமலே கோணம் பிந்திவிடும். முதலில் டைமிங் வைத்துவிட்டுப் பிறகு பாயின்டைத் திருத்தினால் செய்த வேலை வீண்.

எஞ்சின் ஓடாதபோது வைக்கும் கோணமான நிலைக்கோணத்துக்கு 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையில் விரல் வைத்துக் கிராங்கைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது அமுக்க வீச்சு. இதைப் பார்க்காமல் விட்டால் எக்ஸாஸ்ட் வீச்சின் மேல்முனையில் வைத்துவிட்டு, எஞ்சின் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று, பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலை மாற்றிக்கொண்டிருப்போம். எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றி, கிராங்க் முனையிலுள்ள புல்லியின் குறியைக் கையேட்டின் பாகைக்குக் கொண்டுவாருங்கள். பல்பின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரில் காயில் ஒயர் சேரும் இடத்திலும் மறுமுனையை எர்த்திலும் கொடுத்து, சாவியை ஆன் செய்யுங்கள். கிளாம்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டர் சுழலும் திசையில் திருப்பினால் பாயின்ட் மூடி பல்பு அணையும். இனி எதிர்த்திசையில் மெல்லத் திருப்புங்கள். பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி முடுக்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், உடலை 1 பாகை திருப்பினால் கிராங்கில் 2 பாகை மாறும். கை நடுங்கினாலே கணக்கு தவறும்.

எஞ்சினை ஓடவிட்டு, பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டில் குறியைச் சரிபார்க்கும்போது, எஞ்சினின் உறிஞ்சலால் முந்தலை மாற்றும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட வேண்டும் (சில கையேடுகள் வேறுவிதமாகச் சொல்லும், அதன்படியே செய்க). குறி ஓரிடத்தில் நிற்காமல் குதித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டின் புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். வேகம் கூட்டியும் குறி நகராவிட்டால் எடைகள் துருவேறி இறுகியிருக்கின்றன. வேகம் இறங்கியும் குறி திரும்பி வராவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பாருங்கள். வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சும்போது பாயின்ட் தட்டு அசைந்து அப்படியே நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் அந்தத் தட்டை இழுக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்துவிட்டது.

எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் ஒத்துழைக்காவிட்டால் குறியையே சந்தேகிக்கலாம். ரப்பர் ஒட்டிய புல்லியில் வெளிவளையம் நழுவியிருக்கக்கூடும். பிளக் துளையில், பிஸ்டனை முட்டி நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப்பரைப் பொருத்தி, கிராங்கைக் கையால் மெதுவாக இரு திசையிலும் முட்டும்வரை சுற்றி, இரண்டு இடத்திலும் புல்லியில் கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளியே உண்மையான மேல்முனை. பழைய குறி அதோடு பொருந்தவில்லை என்றால் புல்லியை மாற்றும்வரை புதுக்கோட்டை நம்பி வேலை செய்யலாம்.