ஷாக் அப்சார்பர்: உறிஞ்சியா, தணிப்பானா?

பட்டறையில் இதற்கு 'ஷாக் அப்சர்' என்று பெயர். அவசரத்தில் வெறும் 'ஷாக்'. "பின்னாடி ரெண்டு ஷாக்கும் போயிடுச்சு சார்" என்று மெக்கானிக் சொன்னால், பின்சக்கரங்களை ஒட்டி நிற்கும், எண்ணெய் அடைத்த இரண்டு உருளைகளைச் சொல்கிறார்.

'ஷாக்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அங்கே அது முதலில் போர்க்களச் சொல்லாக இருந்தது: இரண்டு படைகள் பாய்ந்து வந்து முட்டிக்கொள்ளும் அந்த மோதல்தான் ஷாக். மின்சார ஷாக்கும் மன அதிர்ச்சியும் பிறகு வந்தவை. 'அப்சார்ப்' லத்தீன், உள்ளே உறிஞ்சிக்கொள்வது என்று பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சில் ட்ரூஃபோ என்பவர் வடிவமைத்த, தகடுகளின் உராய்வால் வண்டியின் ஆட்டத்தை அடக்கும் கருவியை அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்பவர் 'ஷாக் அப்சார்பர்' என்ற பெயரில்தான் விற்றார்.

தமிழில் இதை 'அதிர்ச்சி உறிஞ்சி' என்றும் 'அதிர்வு ஏற்பி' என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலப் பெயருக்குச் சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் ஆங்கிலப் பெயரே சரியில்லை என்பது என் எண்ணம்.

பள்ளத்தில் சக்கரம் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது சுருள்வில், அதாவது ஸ்பிரிங். வாங்கியதை அது வைத்துக்கொள்ளாது, உடனே திருப்பித் தள்ளும். அதை மட்டும் நம்பி ஓட்டினால் ஒரு பள்ளத்துக்கு வண்டி நாலைந்து முறை எழுந்து எழுந்து இறங்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் உருளையின் வேலை. உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகிறது. ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிவிடுகிறது. மேடுபள்ளமான சாலையில் ஓட்டி வந்த பிறகு உருளையைத் தொட்டால் சூடாக இருப்பது இதனால்தான்.

பிரிட்டன் பொறியாளர்கள் இதை 'டேம்பர்' என்பார்கள். அதன் வேரான 'டேம்ப்' முதலில் மூச்சை அடைக்கும் ஆவியைக் குறித்தது. பிறகு நெருப்பை அமர்த்துவது, ஒலியை அடக்குவது என்று விரிந்தது. இதற்கு நம்மிடம் 'தணி' இருக்கிறது. தீ தணிகிறது, தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது. முருகனின் போர்ச்சினம் தணிந்த இடம் என்பதால் செருத்தணி, அதுவே திருத்தணி ஆயிற்று என்பார்கள். செரு என்றால் போர். ஷாக்கும் போரில் பிறந்த சொல்தானே! இந்தப் பொருத்தத்தை முதலில் கவனித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சரி, எதைத் தணிக்கிறது? பள்ளி இயற்பியலில் 'தடையுறு அலைவுகள்' படித்திருப்போம். மேலும் கீழுமாக மாறி மாறி ஆடுவது அலைவு. ஆகவே நான் 'அலைவுத் தணிப்பான்' என்று எழுதுகிறேன். நீளமாகத் தோன்றினால் 'தணிப்பான்' போதும்.

பெயர் சரியாக இருந்தால் சோதிக்கும் முறையும் புரியும். வண்டியின் ஒரு மூலையை இரு கைகளாலும் அழுத்தி விடுங்கள். மேலே வந்து நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் தணிப்பான் தேய்ந்துவிட்டது. ஆடாவிட்டாலும் நம்பிவிட வேண்டாம், இறுக்கமான ஸ்பிரிங் உள்ள வண்டிகள் ஏமாற்றும். உருளையில் எண்ணெய் வழிந்திருக்கிறதா, டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தணிப்பான் ஓய்ந்தால் குலுங்கும் சாலையில் டயர் தரையை விட்டு எழும்பும். அந்த நேரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். மாற்றும்போது ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

தனியாக நிற்கும் பின்தணிப்பானை, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, வீட்டிலேயே கழற்றலாம். முன்பக்கம் பல கார்களில் தணிப்பானும் சுருள்வில்லும் ஒன்றாகச் சேர்ந்த மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் இருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் அதன் மேல்நட்டைத் தொடவே கூடாது. உள்ளே அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.