வாலாட்டிய நாய் ஏன் கடித்தது?

கல்லடியில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கடற்கரையில் வாலாட்டிக்கொண்டு வந்த நாயைத் தடவ மகன் கையை நீட்டினான், கடித்துவிட்டது. வாலாட்டினால் சந்தோஷம் என்றுதானே சொல்வார்கள்?"

முதலில் அவசரமான விஷயம். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மந்திரித்தாலோ பத்துப் போட்டாலோ விசர்நாய்க்கடி நோய் நிற்காது. அறிகுறி தெரிந்தபின் பிழைத்தவர்கள் மிக அரிது.

சரி, வாலுக்கு வருவோம். வாலாட்டும் நாய் ஏதோ உணர்ச்சிவசப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அது எந்த உணர்ச்சி என்பதற்கு வால் வீசும் பக்கத்திலேயே ஒரு தடயம் உண்டு. 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 வளர்ப்பு நாய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் விட்டு, வளர்ப்பவரையும் அந்நியரையும் பூனையையும் முரட்டு நாயையும் திறப்பு வழியே காட்டி, மேலிருந்து படம்பிடித்தார்கள். வளர்ப்பவரைக் கண்ட நாயின் வால் அதன் வலப்பக்கம் அதிகம் வீசியது. முரட்டு நாயைக் கண்டதும் இடப்பக்கம்!

மூளையின் இடப்பாதிதான் உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. கிட்டப் போகத் தூண்டும் உணர்ச்சியில் இடப்பாதி முந்துகிறது. விலகத் தூண்டும் உணர்ச்சியில் வலப்பாதி. வாலின் இருபுறமும் தசைகள் இருப்பதால், முந்தும் பாதிக்கு எதிர்ப்பக்கத் தசை ஒரு சொட்டு கூடுதலாக இழுக்கிறது. மூளைக்குள் நடக்கும் இழுபறி வாலில் வந்து தெரிவதை நினைக்க நினைக்க எனக்கு அலுக்கவில்லை. மற்ற நாய்களுக்கும் இது புரிகிறது. 2013இல் இடப்பக்கம் வாலாட்டும் நாயை வீடியோவில் காட்டியபோது, பார்த்த நாய்களின் இதயத்துடிப்பு ஏறியது.

அசையும் வாலில் நம் கண்ணுக்கு இது பிடிபடாது. அதனால் முழு உடம்பையும் பாருங்கள். இடுப்போடு சேர்ந்து நெளிந்து, வாய் தளர்ந்து வந்தால் பயமில்லை. வால் விறைத்து நிமிர்ந்து நுனி மட்டும் துடிக்க, வாய் இறுக மூடி, கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தால் கையை நீட்டக்கூடாது. தின்ன ஒன்றுமில்லாதபோது உதட்டை நக்குவதும், முகத்தைத் திருப்புவதும் 'என்னை விடு' என்பதுதான்.

விசர் இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் உலகளவில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். இரவில் நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவதை விட்டு, இந்த அடையாளங்களைக் காட்டிக்கொடுப்போம். அப்புறம், இத்தாலியில் பார்த்தது வீட்டு நாய்களை. கரைவலை வாடியில் மீன் கழிவுக்குக் காத்திருக்கும் நம் கட்டாக்காலி நாய்களையும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு கெமராவோடு ஆராயலாம். அதற்குக் கொஞ்சப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.