‘பயப்படாதீர்கள்’ என்று சொல்லும் முன்: ஹில்டகார்ட் பெப்லாவின் நினைவில்

மாணவியாக மனநல வார்டில் பயிற்சி பெற்ற நாட்களில் எங்களுக்கு ஒரு வேலை தருவார்கள். நோயாளியுடன் அரைமணி நேரம் பேசிவிட்டு வந்து, அவர் சொன்னதை நோட்டின் இடப்பக்கத்திலும் நாங்கள் சொன்னதை வலப்பக்கத்திலும் ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். மௌனமாக இருந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். ஒருநாள் ஒரு பெண் என்னிடம், “இங்கிருந்து போனால் என்னை வீட்டில் சேர்த்துக்கொள்வார்களா, சிஸ்டர்?” என்று கேட்டார். “அதெல்லாம் சேர்த்துக்கொள்வார்கள், பயப்படாதீர்கள்” என்றேன். அதற்குப் பிறகு இடப்பக்கம் முழுவதும் ‘ம்’, ‘சரி’ மட்டுமே. என் ஆசிரியை அந்த வரியின் கீழே கோடிட்டு, “அவர் பேச வந்ததை இங்கே நிறுத்திவிட்டாய்” என்று எழுதியிருந்தார்.

இந்தப் பயிற்சியை மனநலச் செவிலியர் கல்வியில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் ஹில்டகார்ட் பெப்லா. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ரெடிங் நகரில், வெளிநாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1909-இல் பிறந்தவர். 1918-இன் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் குடும்பங்களை என்ன பாடுபடுத்தியது என்பதைச் சிறுமியாகப் பார்த்தவர். 1931-இல் செவிலியர் பயிற்சியை முடித்தார். பின்னர் பென்னிங்டன் கல்லூரியில் உளவியல் படித்து, இரண்டாம் உலகப் போரில் இராணுவச் செவிலியராக இங்கிலாந்தில் பணியாற்றினார்.

அவர் 1948-இல் எழுதி முடித்த நூல் 1952-இல்தான் வெளிவந்தது. மருத்துவர் ஒருவர் இணையாசிரியராக இல்லாமல் ஒரு செவிலியர் இப்படியொரு நூலை வெளியிடுவது அன்று வரம்பு மீறிய செயலாகப் பட்டதே தாமதத்துக்குக் காரணம். நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இரவு பகலாக நோயாளியின் அருகில் இருப்பவருக்கு அவரைப் பற்றிச் சொந்தமாகச் சொல்ல எதுவும் இருக்காது என்றல்லவா எண்ணியிருக்கிறார்கள்! செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே உருவாகும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதுதான் அந்த நூலின் உயிர். இருவரும் முதலில் அறிமுகமற்றவர்களாகவே சந்திக்கிறார்கள். ஆகவே, புதிதாகச் சந்திக்கும் எந்த மனிதருக்கும் காட்டும் மரியாதையை நோயாளிக்கும் காட்டுவதிலிருந்தே பணி தொடங்குகிறது என்றார்.

என் வேலையை மாற்றியது பதற்றம் பற்றி அவர் கற்பித்த பகுதி. பதற்றத்தை அவர் நான்கு நிலைகளாகப் பிரித்தார். இலேசான பதற்றத்தில் கண்ணும் காதும் கூர்மையாகின்றன. புதிதாக ஒன்றைக் கற்கவும் முடிகிறது. மிதமான பதற்றத்தில் கவனம் சுருங்கத் தொடங்குகிறது. கடுமையான பதற்றத்தில் ஏதோ ஒரு சிறு விவரத்தை மட்டுமே மனம் பற்றிக்கொண்டிருக்கும். பீதி நிலையில் அதுவும் சிதறிவிடும். இதை அறியாமல், நடுங்கிக்கொண்டிருப்பவரிடம் மாத்திரை விவரங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, “இப்போதுதானே சொன்னேன்” என்று சலித்துக்கொள்கிறோம். அவர் அலட்சியமாக இருக்கவில்லை. நாம் சொன்னது அவருக்குள் போகவே இல்லை.

ஒருமுறை, மறுநாள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஓர் அம்மா இரவெல்லாம் மணி அடித்துக்கொண்டே இருந்தார். “காலையில் எத்தனை மணிக்கு அழைத்துப் போவீர்கள்?” ஒவ்வொரு முறையும் இதே கேள்வி. நேரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தும் கேள்வி நிற்கவில்லை. ‘தொந்தரவு தரும் நோயாளி’ என்று அடுத்து பணிக்கு வரும் செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பேன். அன்று என்னவோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “உங்களுக்கு இப்போது பதற்றமாக இருக்கிறதா, அம்மா?” என்று கேட்டேன். நோயாளி தன் பதற்றத்தை முதலில் பெயர் சொல்லி அறிந்துகொள்ள உதவ வேண்டும் என்பது பெப்லாவின் பாடம். அந்த அம்மா நெடுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு சொன்னார்: அவருடைய அக்காவை ஒருநாள் விடியற்காலையில் அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போனார்கள், திரும்பி வரவில்லை. அவர் கேட்டது கடிகார நேரத்தை அல்ல. காலையில் மயக்க மருந்து மருத்துவரிடம் இதைத் தெரிவித்தேன். அவர் வந்து பேசியபோது, அதுவரை யாரிடமும் கேட்காத இரண்டு கேள்விகளை அந்த அம்மா கேட்டார்.

1954 முதல் 1974 வரை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பெப்லா கற்பித்தார். மனநலச் செவிலியர்களுக்கான முதுநிலைப் படிப்பை அங்கே உருவாக்கினார். 1999-இல் மறைந்தார்.

நோயாளியின் வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே கேள்வியை அவர் திரும்பத் திரும்பக் கேட்டால், “எத்தனை தடவை சொல்வது” என்று அடக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து, “எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?” என்று கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். பீதியில் மூச்சுத் திணறுகிறவரிடம் விளக்கம் வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். அவரைத் தனியே விட்டுப் போகாதீர்கள். வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் சொல்லும் அறிவுரைகளை, மனம் சற்று அமைதியாக உள்ள இன்னொருவரும் உடனிருந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சக செவிலியர்களுக்கு: பணி மாறும்போது இரத்த அழுத்தத்தையும் காய்ச்சலையும் சொல்லி ஒப்படைக்கிறோம் அல்லவா? அதே மூச்சில், இந்த நோயாளி எதை நினைத்து அஞ்சுகிறார் என்பதையும் ஒரு வரி சொல்லுங்கள்.