சக்கரத்தைத் திருப்பிய எலி

அரசுப் பணிக்கான போட்டித் தேர்வில் மூன்றாவது முறையும் தேர்ச்சி பெறாத வாசகர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். "பார்ப்பவர்கள் எல்லோரும் பாசிட்டிவாக இரு என்கிறார்கள். அது மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது, அதை எப்படி முடுக்கிவிடுவது என்று உங்கள் அறிவியல் சொல்கிறதா?" கேள்வியில் சற்றுக் கசப்பு இருந்தது, அந்தக் கசப்பு நியாயமானதும்கூட. ஆனால் அவர் கேலியாகக் கேட்ட அந்த 'எந்த இடத்தில்' என்பதற்கு உண்மையாகவே ஒரு பதில் உண்டு. அந்தப் பதிலைக் கண்டடைய ஏறத்தாழ 50 ஆண்டுகள் பிடித்தன என்பதோடு, கண்டடைந்தவர்கள் வழியில் தங்கள் சொந்தக் கோட்பாட்டையே தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதும்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

தொடக்கம் பலருக்கும் தெரிந்ததே என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகிய இருவரும் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு குழு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. முதல் குழு நிறுத்தும்போதுதான் நிற்கும். 24 மணி நேரம் கழித்து, தாழ்வான ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பித்துவிடக்கூடிய பெட்டியில் அவற்றை விட்டார்கள். முதல் குழு தாண்டியது. இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை தாண்ட முயலாமல் அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு கிடந்தன. 'நாம் என்ன செய்தும் பயனில்லை' என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று முடிவுசெய்து, இதற்குக் 'கற்றுக்கொண்ட கையாலாகாமை' என்று பெயரிட்டார்கள். பாடப்புத்தகங்களில் இன்றும் இதுவே இருக்கிறது.

மேயருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. நாய் 'கற்றுக்கொண்டது' என்றால் அது மூளையில் எங்கே எழுதப்பட்டது? அந்தக் கேள்வியின் பின்னால் போய் அவர் நரம்பியலுக்கே மாறிவிட்டார். கொலராடோ பல்கலைக்கழகத்தில் அவர் குழுவினர் எலிகளைக் கொண்டு அதே சோதனையை நுணுக்கமாகச் செய்தார்கள். இரண்டு பெட்டிகளில் இரண்டு எலிகள். இரண்டின் வாலிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு அதிர்ச்சி. இரண்டுக்கும் முன்னால் ஒரு சிறு சக்கரம். ஒரு சக்கரத்தைத் திருப்பினால் இரண்டு பெட்டியிலும் அதிர்ச்சி நிற்கும். மற்றதை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. உடலுக்கு நேர்ந்த துன்பத்தில் துளிகூட வேறுபாடில்லை. நிறுத்தியது யார் என்பது ஒன்றே வேறுபாடு.

மூளைத்தண்டின் நடுவே டார்சல் ராஃபே நியூக்ளியஸ் என்ற சிறு நரம்புத் திரள் இருக்கிறது. முன்மூளைக்குப் போகும் செரட்டோனின் என்ற, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது. பயனற்ற சக்கரத்தைத் திருப்பிய எலியில் இந்தத் திரள் கொதித்துப்போய்ச் செரட்டோனினைக் கொட்டுகிறது. அது அமிக்டாலா என்ற மூளைப்பகுதியை எட்டி அச்சத்தைக் கூட்டுகிறது. தப்பி ஓடுவதற்கான சுற்றுகளை எட்டி அவற்றை அடக்குகிறது. விளைவு, சில நாள்களுக்கு அந்த எலி அஞ்சி ஒடுங்கிக் கிடக்கிறது. செரட்டோனினை 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று பெயர்சூட்டிப் பகிர்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்கலாம்: ஒரு வேதிப்பொருள் என்ன செய்யும் என்பது, அது எங்கே, எப்போது, எவ்வளவு வெளியாகிறது என்பதைப் பொறுத்தது. (மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், வாரக்கணக்கில் எடுக்கும் மருந்து வேலைசெய்யும் முறை வேறு.)

சரி, பயனுள்ள சக்கரத்தைத் திருப்பிய எலியில்? அங்கும் ராஃபே கொதிக்கத் தொடங்குகிறது. ஆனால் யாரோ வந்து அணைக்கிறார்கள். அந்த 'யாரோ' நெற்றிக்குப் பின்னுள்ள ப்ரீஃப்ரான்டல் புறணியின் உள்பக்கப் பகுதி. தான் செய்ததற்கும் நடந்ததற்கும் தொடர்பு இருக்கிறது என்று மூளை கண்டுகொண்டதும், அங்கிருந்து ராஃபேவுக்குச் செய்தி இறங்குகிறது. இதில் ஓர் அழகான சிக்கல் உண்டு. புறணியிலிருந்து வரும் அந்த நரம்புகள் எதையும் தூண்டத்தான் வல்லவை, அடக்க வல்லவை அல்ல. பிறகு எப்படி அணைக்கின்றன? தாத்தாவின் கோபத்தைத் தணிக்க நினைக்கும் பேரன் தாத்தாவிடம் நேராகப் போகமாட்டான், பாட்டியிடம் போய்ச் சொல்வான். புறணியும் அதைத்தான் செய்கிறது: ராஃபேவுக்குள்ளேயே இருக்கும் காபா நரம்பணுக்களை (காபா என்ற அடக்கும் வேதிப்பொருளை வெளியிடுபவை) தூண்டிவிடுகிறது, அவை பக்கத்திலுள்ள செரட்டோனின் அணுக்களை அடக்கிவிடுகின்றன.

2005இல் வெளியான சோதனையை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. மஸ்கிமால் என்ற மருந்தைக் கொண்டு புறணியின் அந்தப் பகுதியைத் தற்காலிகமாக உறங்கவைத்துவிட்டு, பயனுள்ள சக்கரத்தை எலியிடம் கொடுத்தார்கள். எலி வழக்கம்போலவே திருப்பியது. ஒவ்வொரு முறையும் அதிர்ச்சியை நிறுத்தியது. செயலில் குறையே இல்லை. ஆனால் பிறகு சோதித்தபோது, எதையுமே நிறுத்த முடியாத எலியைப் போலவே ஒடுங்கிக் கிடந்தது. தன்னைக் காத்துக்கொண்டது தானே என்ற செய்தி ராஃபேவுக்குப் போய்ச் சேரவில்லை. 2008இல் மறுபக்கத்தையும் காட்டினார்கள்: நிறுத்தவே முடியாத அதிர்ச்சியின்போது அதே பகுதியை மருந்தால் தூண்டிவிட்டால், எலி பிறகு துவள்வதில்லை.

ஆக, 1967இன் முடிவு தலைகீழாகியது. 2016இல் மேயரும் செலிக்மனும் சேர்ந்தே அதை எழுதி ஒப்புக்கொண்டார்கள்: நீண்டுகொண்டே போகும் துன்பத்தில் துவண்டுவிடுவது கற்றுக்கொண்டது அல்ல, அது மூளையின் பழைய, பிறவிக்குணம், கற்றுக்கொள்ளப்படுவது 'என் கையில் ஏதோ இருக்கிறது' என்பதுதான். மூன்றாவது தோல்விக்குப் பின் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கிடந்தவரைச் சோம்பேறி என்றோ மனவலிமை இல்லாதவர் என்றோ சொல்லும் உறவினர்கள் இதைப் படிக்க வேண்டும். மூளைத்தண்டு அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எலியில் கண்டதெல்லாம் மனிதரிடம் அப்படியே பொருந்திவிடாது என்பது உண்மை. ஆனாலும் திட்டினால் இந்தக் கொதிப்பு அடங்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

இன்னொன்று. பயனுள்ள சக்கரத்தை முதலில் பெற்ற எலியை ஒரு வாரம் கழித்து நிறுத்தவே முடியாத அதிர்ச்சிக்கு உட்படுத்தினாலும், அதன் புறணி முன்பு கற்றதை வைத்து ராஃபேவை அடக்கிவிடுகிறது. ஆனால் முதல் அனுபவத்தின்போது அந்தப் பகுதியில் புதிய புரதங்கள் உருவாகாமல் தடுத்துவிட்டால், இந்தக் காப்பு கிடைப்பதில்லை. அதாவது இது வெறும் மனநிலை அல்ல. நரம்பு இணைப்புகளில் எழுதப்படும் நினைவு.

எலியின் வாலையும் சக்கரத்தையும் வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் ஆராய்வதால் யாருக்கு என்ன பயன் என்று நிதி கொடுக்கும் இடங்களில் கேட்பார்கள். உடனடிப் பயனைக் காட்டினால்தான் பணம் என்று சொல்லியிருந்தால், தவறான பெயரோடு பாதியில் நின்ற ஒரு கோட்பாடுதான் நமக்கு மிஞ்சியிருக்கும். மறுபுறம், 'நேர்மறை அதிர்வு' தரும் கைவளையும் ராசிக்கல் மோதிரமும் ஆய்வு ஏதுமின்றியே நன்றாக விற்கின்றன. நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகிய உளவியலாளர்கள் மனிதர்களிடம் இரைச்சலை வைத்துச் செய்த சோதனைகளில், நிறுத்தும் பொத்தான் இருக்கிறது என்று அறிந்தவர்கள் அதை அழுத்தாமலே இருந்தும், பிறகு கொடுத்த விடையில்லாப் புதிர்களில் நெடுநேரம் சளைக்காமல் முயன்றார்கள். கட்டுப்பாடு இருக்கிறது என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது. அப்படியானால் மோதிரமும் போதாதா என்று கேட்கலாம். முதல் சறுக்கல்வரை போதும்; அதன் பிறகு கடைக்காரர் இன்னும் விலையுயர்ந்த கல்லைத்தான் காட்டுவார். அது பயனற்ற சக்கரம் என்பதே என் கருத்து.

அந்த வாசகருக்கு நான் எழுதிய பதிலில் தேர்வைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. முடிவு வெளிவரும் நாள், காலியிடங்களின் எண்ணிக்கை, கட் ஆஃப் ஆகியவை அவர் கையில் இல்லாத சக்கரங்கள். இன்று மாலை ஒரு பழைய வினாத்தாளில் பத்துக் கணக்குகளைப் போட்டு, எத்தனை சரி என்று தானே திருத்திப் பார்ப்பது கையில் உள்ள சக்கரம். முதலில் மனம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்றும் எழுதினேன்; அதற்குச் சான்றாக அந்தப் பழைய நாய்களின் பிற்காலக் கதையைச் சேர்த்துக்கொண்டேன். துவண்டு கிடந்த நாய்களைச் செலிக்மனும் மேயரும் மறுபக்கத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள், தின்பண்டம் போட்டுப் பார்த்தார்கள், தடுப்பையே எடுத்துவிட்டார்கள். எதற்கும் அவை அசையவில்லை. கடைசியில் கழுத்தில் வாரைக் கட்டி, பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இழுத்தார்கள். தொடக்கத்தில் வலுவாக இழுக்க வேண்டியிருந்தது. பலமுறை இழுத்த பிறகு சிறிய அசைப்பே போதுமானதாயிற்று. அதன் பின் ஒருநிலையில், வார் தளர்ந்து கிடக்க, நாய்கள் தாமாகவே மறுபக்கம் போயின.