குதிரைக்கு எந்த நாடு?

காரைக்குடி, தேவகோட்டை, சிங்கம்புணரி வட்டாரங்களில் திருவிழாவையொட்டி நடக்கும் வண்டிப் பந்தயங்களின் முடிவுகளைச் செய்தித்தாளில் படிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். முதல் பரிசு இன்ன ஊர் இன்னாரின் வண்டிக்கு என்றுதான் செய்தி வரும். அந்த இன்னார் வண்டியில் ஏறியே இருக்கமாட்டார். ஓட்டி வந்த சாரதி வேறு ஊர்க்காரராக இருக்கலாம், மாடோ குதிரையோ மூன்றாவது ஊரில் பிறந்து சந்தையில் கைமாறி வந்ததாக இருக்கலாம். இருந்தாலும் வெற்றி உரிமையாளரின் ஊருக்குத்தான். தடைதாண்டும் குதிரையேற்றத்திலும் பிறப்பு, உடைமை, ஓட்டம் என்ற இந்த மூன்றும் மூன்று இடங்களைச் சேர்ந்தவையாக இருக்க முடியும். ஆனால் ஒலிம்பிக்கில் மட்டும் ஏறும் வீரரின் நாடும் உரிமையாளரின் நாடும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த விதி எப்படி இயங்குகிறது, அது எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதைப் பார்க்கலாம்.

முதலில் பிறப்பை ஒதுக்கிவிட வேண்டும். 2008-ல் கனடாவின் எரிக் லமேஸுக்குத் தனிநபர் தங்கம் பெற்றுத் தந்த ஹிக்ஸ்டெட் நெதர்லாந்தில் பிறந்த குதிரை. 2016-ல் 58 வயதில் பிரிட்டனுக்காகத் தங்கம் வென்ற நிக் ஸ்கெல்டனின் பிக் ஸ்டாரும் நெதர்லாந்து இனப்பதிவேட்டைச் சேர்ந்ததே. சுவீடனின் ஹென்ரிக் வான் எக்கர்மான் 2022-ல் உலக வாகையரானபோது ஏறியிருந்த கிங் எட்வர்ட் பெல்ஜிய இனப்பதிவேட்டுக் குதிரை. இனப்பதிவேடு என்பது தாய் தந்தை யார், எந்த வளர்ப்பு மரபு என்பதைச் சொல்லும் ஆவணம் மட்டுமே. குதிரைக்குப் பாஸ்போர்ட்டும் உண்டு, உடலில் மைக்ரோசிப்பும் உண்டு. ஆனால் அந்தப் பாஸ்போர்ட் அடையாளத்தையும் தடுப்பூசி விவரங்களையும் காட்டுவதற்கானது, குடியுரிமை வழங்குவதற்கானது அன்று.

குதிரையின் நாடு என்று சொல்லப்படுவது அதன் உரிமையாளரின் நாடு. ஆண்டு முழுவதும் நடக்கும் வழக்கமான சர்வதேசப் போட்டிகளில் இது பெரிய தடையாக இருப்பதில்லை. ஒரு நாட்டவரின் குதிரையில் இன்னொரு நாட்டு வீரர் ஏறிப் போட்டியிடுவது அன்றாடம் நடப்பதே. ஒலிம்பிக் என்று வரும்போதுதான் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு கயிற்றை இறுக்குகிறது. ஒலிம்பிக் ஆண்டின் ஜனவரி 15-ஆம் தேதிக்குள் குதிரை, தன் மேல் ஏறப்போகும் வீரரின் நாட்டைச் சேர்ந்தவருக்குச் சொந்தமானதாகப் பதிவாகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வெளிநாட்டவரிடமிருந்து வாங்கப்படும் குதிரை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அந்த ஒலிம்பிக்கில் வாங்கியவரின் நாட்டுக்காகத் தடை தாண்ட முடியாது.

பங்குடைமை இருந்தால் விதி இன்னும் கவனிக்கத் தக்கதாகிறது. செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு எளிதில் புரியும் ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தேவகோட்டையில் பிறந்து சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற அண்ணனும், காரைக்குடியில் வணிகம் செய்யும் இந்தியக் குடிமகனான தம்பியும் சேர்ந்து ஜெர்மனியில் ஒரு குதிரை வாங்குகிறார்கள். நம் பந்தய அறிவிப்பில் இரண்டு கூட்டாளிகளின் ஊர்களையும் அடுத்தடுத்துச் சொல்லிவிடுவார்கள். ஒலிம்பிக்கில் அதற்கு இடமில்லை. குதிரை இந்தியாவுக்கா, சிங்கப்பூருக்கா என்பதை இருவரும் ஒப்புக்கொண்டு, அந்த ஒரே நாட்டின் பெயரில் கெடு தேதிக்குள் பதிவு செய்தாக வேண்டும், போட்டி முடியும்வரை அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகவும் கூடாது. நிறுவனத்தின் பெயரில் வாங்கினாலும் இதே முறைதான். அண்ணனிடம் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே என்று கேட்கலாம். அது இங்கு வந்து போவதற்கும் தங்குவதற்கும் உதவும் அட்டை. அது குடியுரிமை ஆகாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இதற்கான விடை குதிரையின் கால்களில் இருக்கிறது. போட்டித் திடலில் எதிர்பார்க்கப்படும் வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 400 மீட்டர் அளவில் இருக்கும். அந்தப் பாய்ச்சலில் குதிரையின் ஓர் எட்டு (ஒரு பாய்ச்சலில் கடக்கும் தூரம்) ஏறத்தாழ 3.6 மீட்டர், அதாவது நொடிக்கு இரண்டு எட்டுக்குச் சற்றுக் குறைவு. திடலை வடிவமைப்பவர் இரண்டு தடைகளுக்கு இடையிலான தூரத்தை வேண்டுமென்றே ஆறு எட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவோ கொஞ்சம் குறைவாகவோ வைப்பார். சில நொடிகளுக்குள் வீரர் தம் குதிரையின் எட்டைக் குறுக்கியோ நீட்டியோ, 1.60 மீட்டர் உயரத் தடைக்கு முன்னால் சரியான இடத்திலிருந்து எழும்பச் செய்ய வேண்டும். இடம் தவறினால் கம்பு விழும். ஒவ்வொரு கம்புக்கும் 4 தவறுப் புள்ளிகள். வீரர் தம் உடல் எடையைச் சற்றுப் பின்னுக்கு எடுப்பது, கெண்டைக்காலால் அழுத்துவது, கடிவாளத்தை விரலளவு இறுக்குவது ஆகிய குறிப்புகளுக்கு ஒவ்வொரு குதிரையும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது. ஒன்று கடிவாளம் பட்டாலே சிலிர்க்கும், இன்னொன்று அழுத்திச் சொன்னால்தான் கேட்கும். இந்தப் பழக்கம் மாதக்கணக்கில், பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் உருவாவது. குதிரைக்குக் குறைந்தது 9 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற ஒலிம்பிக் விதியும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதே. 2003-ல் பிறந்த பிக் ஸ்டார், 2012-ல் லண்டனில் பிரிட்டன் அணியோடு தங்கம் வென்றபோது சரியாக அந்த வயதில்தான் இருந்தது.

குதிரையை மாற்றினால் என்ன ஆகும் என்பதைக் குதிரையேற்ற உலகமே சோதித்துப் பார்த்திருக்கிறது. உலகச் சாம்பியன் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்த நால்வரும் ஒருவர் குதிரையில் மற்றவர் ஏறிக் காட்ட வேண்டும் என்ற முறை 1953 முதல் 2014 வரை இருந்தது. பார்க்கச் சுவையானதாக இருந்தாலும் குதிரைகளுக்கு அது பெரும் சுமை என்று கைவிடப்பட்டது. ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லானில் குலுக்கலில் கிடைத்த அறிமுகமற்ற குதிரையோடு பழக வீரருக்கு 20 நிமிடமே தரப்பட்டது. டோக்கியோவில் ஜெர்மன் வீராங்கனைக்குக் கிடைத்த செயின்ட் பாய் என்ற குதிரை தடையைத் தாண்ட மறுத்த காட்சியை உலகமே பார்த்தது. 2024 பாரிஸ் போட்டிக்குப் பின் அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டுவிட்டது.

குதிரையும் வீரரும் பிரிக்க முடியாத இணை என்றால், அந்த இணையைப் பிரிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது முக்கியமாகிறது. அது வீரரிடம் இல்லை, பெரும்பாலும் உரிமையாளரிடமே இருக்கிறது. ஒலிம்பிக் பதக்கம் வீரரின் கழுத்தில் விழுகிறது. உரிமையாளருக்குப் பதக்கமும் கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. ஆனால் போட்டி நெருங்கும்போது, நல்ல குதிரைக்கு வேற்று நாட்டிலிருந்து பெருந்தொகை கேட்டு வரும். தடைதாண்டலுக்கு அண்டைப் பிரிவான டிரெஸ்ஸாஜில் (குதிரையை ஒழுங்கான, நளினமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி) நடந்த டோட்டிலாஸ் கதை இதற்குப் பெயர் பெற்றது. 2010 உலகப் போட்டியில் நெதர்லாந்தின் எட்வர்ட் கால் இந்தக் குதிரையில் மூன்று தங்கம் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் அது ஜெர்மனிக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஜெர்மன் வீரர் மத்தியாஸ் ராத் அதன் மேல் ஏறினார். ராத் நோய்வாய்ப்பட்டதால் 2012 லண்டனுக்கு அது போகவில்லை. அந்தச் சேணத்தில் எட்வர்ட் கால் மீண்டும் அமர்ந்திருக்கவும் முடியாது. உரிமையாளர் ஜெர்மானியர், வீரர் டச்சுக்காரர் என்றால் விதி குறுக்கே நிற்கும்.

இந்த விற்பனையை விதி தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜனவரி 15-க்கு முன்னால் வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சந்தையின் பரபரப்பு சில மாதங்கள் முன்னே தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவே. ஏழை நாடுகளுக்கு இந்த விதி சமநீதி வழங்குகிறது என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இது காப்பது அணியின் நிலைத்தன்மையை மட்டுமே. கடைசி வாரத்தில் பணப்பையோடு வந்து, நான்கு ஆண்டு உழைத்த வீரரின் காலுக்கடியிலிருந்து குதிரையை உருவிச் சென்று தம் நாட்டுக் கொடியின் கீழ் ஓட்ட முடியாது. டோக்கியோ முதல் ஒலிம்பிக் அணியில் மூவரே இருக்கிறார்கள், மூவரின் புள்ளியும் கணக்கில் சேர்கிறது. முன்பு நால்வர் இறங்கி, மோசமான ஒரு சுற்றைத் தள்ளிவிட வழி இருந்தது. ஒரு குதிரையின் இழப்பு இன்று முன்னைவிட அதிகமாக வலிக்கும்.

மனிதர்களுக்கான விதியோடு ஒப்பிட்டால் குதிரையின் நிலை விசித்திரமானது. ஒரு நாட்டுக்காக விளையாடிய வீரர் குடியுரிமை மாறினால், ஒலிம்பிக் சாசனப்படி பொதுவாக 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அமைப்புகள் ஒப்புக்கொண்டால் அது குறையலாம். குதிரைக்கு அத்தகைய காத்திருப்பு இல்லை. கெடு தேதிக்கு முன் ஒரு பதிவு மாறினால் போதும்.

இந்தியாவுக்கு இந்த விதி வேறொரு வகையில் முக்கியமானது. குதிரை உரிமையாளரின் நாட்டைப் பின்பற்றுகிறதே தவிர, அந்த நாட்டு மண்ணை மிதித்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. டோக்கியோவில் டிரெஸ்ஸாஜ், திறந்தவெளித் தடையோட்டம், தடைதாண்டல் மூன்றும் சேர்ந்த மும்முனைப் போட்டியில் 23-ஆம் இடம் பிடித்த பெங்களூருவின் ஃபவாத் மிர்ஸா ஏறியது செய்ன்யோர் மெடிகாட். முன்பு ஜெர்மன் வீராங்கனை பெட்டினா ஹாய் ஓட்டிய அந்தக் குதிரையைப் பெங்களூருவின் எம்பசி குழுமம் வாங்கியதால்தான் அது இந்தியக் குதிரையானது. பயிற்சி முழுவதும் ஐரோப்பாவில் நடந்தது. 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வென்ற நால்வரின் குதிரைகளும் ஐரோப்பாவில் இருந்தவையே. இதற்குப் பணம் மட்டும் காரணமன்று. குதிரை நோய்கள் பற்றிய அச்சத்தால் இந்தியாவிலிருந்து குதிரைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவது நெடுங்காலமாகக் கடினமாக இருந்துவந்தது. தனிமைப்படுத்தல் விதிகள் எவ்வளவு கடுமையானவை என்பதற்கு, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் குதிரையேற்றம் மட்டும் ஸ்டாக்ஹோமில் நடந்ததே சான்று. 2025-ல் மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடை மையத்தில் அமைக்கப்பட்ட நோயற்ற குதிரை வளாகத்தை உலக விலங்கு சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டது. அதன்பின், இந்தியாவில் வளர்ந்த குதிரையும் இங்கிருந்தே கிளம்பிச் சர்வதேசத் திடலுக்குப் போவதற்கு வழி திறந்திருக்கிறது.